எழுத்துக்கு முப்பத்தைந்து ரேண்ட்

கூலியை முதலில் பேசிவிடுவது என் வழக்கம்.
கறுப்பு கிரானைட்டில் எழுத்துக்கு முப்பத்தைந்து ரேண்ட்,
புள்ளிக்குக் காசில்லை.
வார்ட்பர்க்கிலிருந்து பீட்டர்மாரிட்ஸ்பர்க் வரை
தானே காரோட்டி வந்த இர்ம்கார்ட் ஹில்லர்மன்
என் மேசைத் தூசியை ஊதிவிட்டு
ஒரு தாளை விரித்தார்.
"இதில் ஒவ்வோர் எழுத்தும் ஒரு சொல்.
எப்படிக் கணக்குப் போடுவீர்கள்?"

இருபத்துநான்கு குறிகள்.
வளைவே கிடையாது, படுக்கைக் கோடும் கிடையாது.
மரத்தில் வெட்டினவர்கள், என்றார்,
நாரோடு போகும் கோடு நாருக்குள் ஒளிந்துகொள்ளும்.
அது எனக்குச் சட்டென்று புரிந்தது.
ஓலை கிழியுமென்று உருண்டவை எங்கள் எழுத்துகள்.
பொருள் எதைத் தாங்குமோ அதுதான் வடிவம்.

எட்டெட்டாய் மூன்று குடும்பம் அவருக்கு.
ஆறாறாய் மூன்று இனம் எனக்கு,
அதில் மெல்லினம் ஆறும்
சளி பிடித்தால் வராது.

முதல் எட்டின் முதல் எழுத்து மாடு.
"மாடு என்றால் செல்வம் என்றும் பொருள்,"
என்றார் பெருமையாக.
தமிழிலும் அப்படித்தான் என்றேன்.
கொஞ்சம் ஏமாந்தது முகம்.

பிறகு காட்டெருது, முள், தெய்வம்,
சவாரி, பந்தம், கொடை, களிப்பு.
தொழுவத்தில் கிளம்பினவன் விருந்தில் போய் உட்காருகிறான்.
இரண்டாம் எட்டு ஆலங்கட்டியில் தொடங்குகிறது,
போன நவம்பரில் என் தகரக் கூரையைச்
சல்லடையாக்கிய அதே ஆலங்கட்டி.
அப்புறம் இல்லாமை.
அப்புறம் பனிக்கட்டி: ஒற்றை நெட்டைக் கோடு.
"இதற்குமா முப்பத்தைந்து?"
இதில்தான் கை நடுங்கக் கூடாது என்றேன்.

அந்த எட்டில் ஒன்றுக்குப் பொருள் யாருக்கும் தெரியாதாம்.
பகடைக் கிண்ணம் என்பார்கள் சிலர்,
பழமரம் என்பார்கள் சிலர்.
அதன்மேல் விரல் நிற்காமல் தாண்டிப் போனது.

காட்ஃப்ரீட் பிறந்த தேதிக்கு முன்னால்
கை தூக்கிய மனிதன் போல ஒரு குறி.
இறந்த தேதிக்கு முன்னால் அதையே தலைகீழாய்.
"கவிழ்த்தால் சாவு என்பது ரொம்பப் பழசில்லை,
நூறு வருஷத்துப் பேச்சு. இருந்தாலும்
மாமனார் கல்லில் இருக்கிறது."

மூன்றாம் எட்டின் கடைசி எழுத்தைக்
கல்லின் அடியில் பெரிதாகக் கேட்டார்.
சதுரத்தைச் சாய்த்து இரண்டு கால் வைத்தாற்போல.
மூதாதையர் நிலம்.

எனக்கு அதைத் தெரியும்.
எண்பத்தொன்பதில், சர்ச் தெருவில்,
ஒரு காக்கிச் சட்டையின் கையில் பட்டையாய்ப் போனது.
அதன் பெயர் அப்போது தெரியாது,
ஒதுங்கி வழிவிடத் தெரியும்.
பென்ட்ரிச்சில் அப்பாவின் வீட்டுக் கதவில்
நகரசபை ஒட்டிய தாளில் எந்தக் குறியும் இல்லை.
தட்டச்சு எழுத்து. எட்டு வரி.

உளியைத் துடைத்துக்கொண்டே சொன்னேன்,
சட்டையை முதலில், கதவைப் பிறகு.
மற்றதெல்லாம் வெட்டுவேன், இதை மாட்டேன்.
அவர் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார்.
"அவருடைய கொள்ளுத்தாத்தா வீட்டு உத்தரத்தில் இருந்ததாம்.
அந்த உத்தரத்தை
நாங்கள் யாரும் பார்த்ததில்லை."

இரண்டாம் எட்டின் நாலாவதைத் தொட்டுக் காட்டினேன்.
மடங்கிய இரண்டு முழங்கைகள்
ஒன்றையொன்று சுற்றிக்கொண்டு, ஒட்டாமல்.
ஆண்டு. விளைச்சல்.
கரும்புக்காரர்தானே உங்கள் வீட்டுக்காரர்?
"எங்கள் மேட்டில் கரும்புக்கு இரண்டு ஆண்டு பிடிக்கும்."
அப்படியானால் இரண்டாய் வெட்டித் தருகிறேன்,
ஒன்றின் விலைக்கு.
சிரிப்பு மாதிரி ஒன்று வந்து, போனது.

சம்மதம் சொல்லவில்லை. முன்பணம் தரவில்லை.
தாளை மறந்து போனாரா,
விட்டுவிட்டுப் போனாரா.

கல்லறுத்த தூசியில்
பொருள் தெரியாத அந்த எழுத்தை விரலால் போட்டுப் பார்த்தேன்.
பக்கவாட்டில் சாய்ந்த கிண்ணம்தான் போலிருக்கிறது.
உள்ளே எதுவும் இல்லை,
அல்லது ஏற்கெனவே கொட்டியாகிவிட்டது.

இரண்டு மணிக்குத் தண்ணீர்க் குழாயைத் திறந்தேன்.
அடுத்த கல்: பெரியண்ணன் படையாச்சி.
பதினொரு எழுத்து.
மூன்று புள்ளி இலவசம்.